முக்காலே மூணு வீசம்

ஐஸ் கம்பெனியில் அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் ‘இங்கிலீஷ்’. இங்கிலீஷ் வந்தாச்சா என்பார்கள். இங்கிலீஷுக்கு ஒரு டீ சேர்த்துச் சொல்லு என்பார்கள். கம்ப்ரஸரின் சத்தம் மாறினால், ஓடிப்போய் இங்கிலீஷைக் கூட்டிக்கொண்டு வா என்பார்கள். அவருடைய மகளைக் கடைத்தெருவில் பார்த்தால் ‘இங்கிலீஷோட பொண்ணு’ என்று காட்டிச் சொல்வார்கள். அவள் கணக்கில் முதலாவதாகவும் இங்கிலீஷில் தட்டுத்தடுமாறியும் வந்துகொண்டிருந்த காலம் அது.

பெயர் கேலியாகத்தான் தொடங்கியது. அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் புது கம்ப்ரஸர் ஒன்று மரப்பெட்டியில் வந்து இறங்கியது. கூடவே செங்கல் பருமனில் ஒரு விளக்கப் புத்தகம். மற்றவர்கள் அதன்மேல் டீ கிளாஸ் வைத்தார்கள். இவர் மட்டும் அகராதியும் கையுமாக உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். படித்து முடித்தபோது இயந்திரமும் பிடிபட்டது, ஒரு மாதிரியான இங்கிலீஷும் பிடிபட்டது.

ஒரு மாதிரியான என்று சொல்லக் காரணம் உண்டு. இயந்திரப் புத்தகத்தில் எல்லாமே கட்டளை. திற, மூடு, இறுக்கு, நிறுத்து. கட்டளைக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு சொல் தொங்கும். ஓப்பன் ஸ்லோலி. டைட்டன் ஈவன்லி. க்ளோஸ் ஃபுல்லி. அந்தப் புத்தகத்தில் யாரும் எதையும் செய்து முடித்திருக்கவில்லை. எல்லோரும் இனிமேல்தான் செய்ய வேண்டும். நடந்து முடிந்த ஒன்றை, அதுவும் ஒரு மனிதன் செய்ததை, இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அந்தக் குறை வெளியே தெரியாத அளவுக்குத் தைரியமாகப் பேசுவார்.

வீட்டிலும் அதே மொழிதான். சாப்பாட்டில் ‘ஈட் ஸ்லோலி’. கதவில் ‘ஷட் ஜென்ட்லி’. மகளின் சடையைப் பின்னும்போது அம்மாவைப் பார்த்து ‘டைட்டன் ஈவன்லி’. அம்மா சீப்பைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளயும் மிஷினா ஓட்டறீங்க என்று கேட்பாள்.

மகள் சின்ன வகுப்பில் படித்தபோது ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு வந்து, வகுப்பு ஆசிரியையிடம் பெருமையாக, ‘மை டாட்டர் ஹார்ட்லி ஸ்டடீஸ்’ என்றார். மாடு மாதிரி உழைத்துப் படிக்கிறாள் என்பது அவர் நினைப்பு. அந்த வரிக்கு, படிப்பதே இல்லை என்றுதான் அர்த்தம். ஆசிரியை கொஞ்சமும் யோசிக்காமல், ஆமாம், நானும் கவனித்தேன் என்றாள். தன் பிள்ளையை ஆசிரியையே பாராட்டிவிட்டாள் என்று அவர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். அது என்னவென்று மகளுக்கு வெகுநாள் கழித்துப் புரிந்தபோது, அப்பாவிடம் சொல்லி இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த வகைத் தப்பில் சிரிக்க முடிந்தது அது ஒன்றுதான்.

கம்பெனியில் அவருக்கு உயிர்ச் சிநேகிதன் ஒருவன் இருந்தான். ஃபிட்டர். குழாய், வால்வு எல்லாம் அவன் பொறுப்பு. அவனையும் பட்டப்பெயரில்தான் எல்லோரும் கூப்பிட்டார்கள்: ‘வீசம்’. ஒன்றில் பதினாறில் ஒரு பங்குக்கு வீசம் என்று பெயர். இந்தக் காலத்தில் யாரும் புழங்காத அந்தப் பின்னக் கணக்கிலேயே அவன் பேசுவான். இன்னும் அரைக்கால் திருப்பு என்பான். ஒரு வீசம் தளர்த்து என்பான். டீக்கடையில் சர்க்கரைக்கும் அதே கணக்குத்தான். கடைக்காரர் கும்பிட்டு, ஐயா, நீங்களே போட்டுக்கங்க என்று டப்பாவை நகர்த்திவிடுவார்.

இரண்டு பேரும் ஒரே ஷிப்டு. இவர் இயந்திரப் பலகையின் முன்னால், அவன் குழாய்களுக்கு நடுவே. இடையில் காதைப் பிளக்கும் சத்தம். சைகையிலேயே பேசிக்கொள்வார்கள். கட்டைவிரலை அவன் எந்த அளவுக்கு வளைக்கிறானோ அந்த அளவுக்கு இவர் அழுத்தத்தைக் குறைப்பார். மொழியே தேவைப்படாத இரண்டு பேருக்கு நடுவில் ஒரு மொழி வந்து நின்றதுதான் கதை.

மகள் அப்போது கைக்குழந்தை. இதையெல்லாம் அவள் அப்பாவின் வாயால் கேட்டுத்தான் அறிவாள்.

ஒரு நாள் பிற்பகலில் அமோனியா குழாயில் ஓர் இணைப்பு விட்டுக்கொடுத்தது. வாயு வெண்புகையாகக் கிளம்பியது. ஐஸ் அடுக்கும் கூடத்திலிருந்த பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். இவர் கம்ப்ரஸரை நிறுத்தினார். வீசம் ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். மற்றவர்கள் வெளியே வந்துகொண்டிருந்த கதவு வழியாக அவன் ஒருத்தன்தான் உள்ளே போனான். வால்வின் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினான். கடைசிக் கொஞ்சத்தில் சக்கரத்தின் தண்டு இறுகிக் கடித்துக்கொண்டது. அதற்குமேல் அசையவில்லை. புகை பெருமளவு அடங்கியது, முழுக்க நிற்கவில்லை. அவன் தவழ்ந்து வெளியே வந்து வாந்தி எடுத்தான். ஏழெட்டுப் பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எல்லோரும் பிழைத்து வீடு திரும்பினார்கள்.

பெரிய இடத்தில் ஒன்று நடந்தால் யாராவது ஒருத்தன் தலையில் அது விடிந்தாக வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தமிழ் தெரியாதவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தண்ணீர் கொண்டுவந்து வைத்தவருக்கு எழுந்து நின்று நன்றி சொன்னாராம். அவர் வருவதற்குள் பழைய வால்வைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போட்டிருந்தார்கள். அதனால் வாய்வார்த்தைதான் சாட்சி. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றபோது கம்பெனியே ஒரே குரலில் சொன்னது: இங்கிலீஷைக் கூப்பிடு.

மேலாளர் அறையில் மூன்று நாற்காலி. வீசம் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே இருந்தான். அதிகாரி சுற்றி வளைக்கவில்லை. வால்வை இந்த ஆள் மூடினாரா என்று கேட்டார். இவர் அதைத் தமிழில் சொன்னார்.

“மூடிட்டேன்னு சொல்லு,” என்றான் வீசம். “முக்காலே மூணு வீசம் மூடிட்டேன். மிச்சம் ஒரு வீசம் தண்டு கடிச்சுக்கிச்சு. திரும்பல.”

முக்காலே மூணு வீசம் என்றால் பதினாறில் பதினைந்து பங்கு. அனேகமாக முழுசும் என்று அர்த்தம். அதற்கு இயந்திரப் புத்தகத்தில் சொல் இல்லை. இவர் ஒரு நொடி மனதுக்குள் தேடினார். எங்கேயோ கேட்ட ஒரு சொல் வந்து விழுந்தது. தமிழில் ‘கிட்டத்தட்ட’ என்பது வினைக்கு முன்னால்தானே நிற்கும். அதே மாதிரி அந்தச் சொல்லையும் முன்னால் நிறுத்தினார்.

“ஹி ஆல்மோஸ்ட் க்ளோஸ்டு இட், சார். பட் இட் டிட் நாட் டர்ன்.”

அதிகாரி தலையை மெல்ல ஆட்டினார். ‘ஐ ஸீ’ என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தை இவர் அனுதாபம் என்று எடுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் வீசத்தின் தோளில் தட்டி, எல்லாத்தையும் நல்லபடியாச் சொல்லிட்டேன், கவலைப்படாதே என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும், இன்னைக்கு எனக்கு வார்த்தை எப்படி வந்து விழுந்துச்சு தெரியுமா என்று சொன்னாராம்.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். வால்வை மூடத் தவறியதற்காக ஃபிட்டரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

இவர் கொதித்துப்போனார். மேலாளர் அறைக்குள் கேட்காமல் நுழைந்து கத்தினார். மூடினான் என்று நானே என் வாயால் சொன்னேன், அப்புறமும் மூடவில்லை என்று எழுதினால் என்ன நியாயம் என்று கேட்டார். மேலாளர் மேலே கையைக் காட்டினார். முடிவு பண்ணிக்கொண்டுதான் விசாரணைக்கே வந்திருக்கிறார்கள் என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்படித்தான் நம்பவும் செய்தார். மனசாட்சி சுத்தமாக இருந்த கடைசி வருஷங்கள் அவை.

வீசம் வேறு வேலை தேடிப் பார்த்தான். வால்வை மூடாதவன் என்ற பேர் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. கடைசியில் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் ஸ்டவ், குக்கர் ரிப்பேர் கடை போட்டான். பிழைப்பு ஓடியது. அந்தப் பேர்தான் விட்டு ஓடவில்லை. அவன் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டினால் மச்சினன், “என்ன மச்சான், இதையும் நீங்கதான் மூடினீங்களா?” என்பானாம். எல்லோரும் சிரிப்பார்களாம். அவனும் சிரிப்பானாம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இவர் அந்தக் கடைக்குப் போவார். கவிழ்த்துப் போட்ட டப்பாவின்மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். சில நாள் மகளும் கூடப் போவாள். அவளுக்கு அவர் வீசம் மாமா. பழைய குக்கர் விசில்களை விளையாடக் கொடுப்பார்.

மகள் ஏழாம் வகுப்பு படித்தபோதுதான் அது நடந்தது. சாயங்காலம் சமையலறை வாசலில் உட்கார்ந்து இங்கிலீஷ் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ‘ஐ ஆல்மோஸ்ட் டிராப்டு தி பிளேட்’ என்று ஒரு வரி. அப்பா முகம் கழுவிவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார்.

“தட்டு உடைஞ்சுதா?” என்றார், சும்மா.

“உடையலப்பா. விழவே இல்ல.”

“விழுந்துச்சுன்னுதானே போட்டிருக்கு?”

“ஆல்மோஸ்ட் போட்டா விழப் பார்த்துச்சுன்னு அர்த்தம். ஆனா விழல. டீச்சர் சொன்னாங்க.”

அப்பா துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்தே கேட்டார்.

“அதே மாதிரி க்ளோஸ்டுன்னு போட்டா?”

“மூடப் பார்த்தான். ஆனா மூடல.”

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகளுக்குப் பயமாகிவிட்டது. தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து, பாடப் புத்தகத்தைத் திருப்பி அவரிடம் காட்டினாள். அவர் வாங்கிப் பார்க்கவில்லை. அம்மா வந்து என்ன என்று கேட்டபோதுதான் வாயைத் திறந்தார். அவன் மூடினான், நான்தான் மூடலைன்னு சொல்லிட்டு வந்தேன் என்றார். அதன் பிறகு அதிகாரியின் ‘ஐ ஸீ’யை அந்தக் குரலிலேயே சொல்லிக்காட்டினார். அதில் இருந்த வருத்தம் எதற்கானது என்று அப்போதுதான் அவருக்கே புரிந்திருந்தது.

ஆறின புண்ணக் கீற வேண்டாம் என்றாள் அம்மா. நீங்க சரியாச் சொல்லியிருந்தாலும் அவங்க வேற ஒண்ணக் கண்டுபிடிச்சிருப்பாங்க என்றாள். அது உண்மையாகவும் இருக்கலாம். அது தெரியாமல் போனதுதான் அவருக்குப் பெரிய இம்சை. தெரிந்திருந்தால் ஒன்று நிம்மதி, இல்லாவிட்டால் முழுத் துக்கம். இது இரண்டும்கெட்டானாக நின்றது.

அதற்குப் பிறகு அவருடைய இங்கிலீஷ் மாறிப்போனது. முன்பு தைரியமாகப் பேசுகிறவர், இப்போது வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுவார். ஒரு சின்னச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி பார்ப்பார். கம்பெனிக்கு வரும் வெளிநாட்டு மெக்கானிக்குகள் பேசுவதைக் கூர்ந்து கேட்பார். ரேடியோச் செய்தியைக் கேட்பார். மகள் பள்ளியிலிருந்து வந்ததும் அன்றைக்குச் சிக்கியதை அவளிடம் கொட்டுவார். இலக்கணப் பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. ‘ஒட்டுச்சொல்’ என்று அவராக ஒரு பெயர் வைத்துக்கொண்டார்.

“ஐ ஒன்லி டச்டு இட்டுன்னா, தொட மட்டும்தான் செஞ்சேன். ஒன்லி ஐ டச்டு இட்டுன்னா, நான் ஒருத்தன்தான் தொட்டேன். முதல்ல சொன்னவன் தப்பிச்சான். ரெண்டாவது சொன்னவன் மாட்டினான். வார்த்தை அதேதான், பாரு.”

இன்னொரு நாள் ‘ரியலி’. ஐ ரியலி டோன்ட் நோ என்கிறவனுக்குச் சத்தியமாக ஒன்றும் தெரியாது. ஐ டோன்ட் ரியலி நோ என்கிறவனுக்குக் கொஞ்சம் தெரியும், சொல்ல மாட்டான். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அவர் முகத்தில் சந்தோஷம் வந்து, வந்த வேகத்திலேயே போய்விட்டது.

தமிழைப் பற்றியும் அப்போதுதான் யோசிக்கத் தொடங்கினார். நமக்கு வினைக்குப் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டால் போதும், ஆள் மனசு தெரிந்துவிடும். வந்துட்டான், வரப் பார்த்தான், வந்து தொலைச்சான் என்று சொன்னால் வந்தவன் மீது நமக்கு என்ன எண்ணம் என்பதுகூடத் தெரியும். “நாம வால்ல வைக்கிறத இங்கிலீஷ்காரன் தலையில வைக்கிறான்மா,” என்பார். “நான் தலையையும் வாலையும் மாத்திப் பிடிச்சுட்டேன்.” ஆல்மோஸ்ட்டைப் பற்றி ஒருமுறை சொன்னது மகளுக்கு மறக்கவே இல்லை. பின்னால் நின்றால் ஓரத்தை மட்டும் கொறிக்குமாம். முன்னால் நின்றால் வினையையே விழுங்கிவிடுமாம். ஹி க்ளோஸ்டு இட் ஆல்மோஸ்ட் ஃபுல்லி என்று சொல்லியிருக்க வேண்டும். ஃபுல்லி என்ற சொல் அவருக்கு இயந்திரப் புத்தகத்தின் முதல் நாளிலிருந்தே தெரியும். கையில் இருந்த சொல்.

வீசத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் கிளம்புவார். திரும்பி வரும்போது அம்மா முகத்தைப் பார்ப்பாள். சொல்லவில்லை என்று அவர் செருப்பைக் கழற்றுவதிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். ஒரு தடவை மட்டும் வாயைத் திறந்திருக்கிறார். அன்னைக்கு விசாரணையில, என்று தொடங்கியிருக்கிறார். வீசம் ஸ்டவ்வை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லையாம்.

“அத விடு. நீயாவது எனக்காக நாலு வார்த்தை பேசினே. அது போதும்.”

அந்த நன்றி இவர் வாயில் பூட்டுப் போட்டது மாதிரி ஆகிவிட்டது. திட்டியிருந்தால் சொல்லியிருப்பார். தட்டு விழாத அந்தப் பாடத்திலிருந்தே ஐஸ் கம்பெனிப் பேச்சு வந்தால் அவர் முகம் மாறும்; இதன் பிறகு அந்தக் கடையில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. வேறு யாராவது எடுத்தாலும் பேச்சை மாற்றிவிடுவார். வானிலை, பிள்ளைகள் படிப்பு, ரேடியோ ரிப்பேர். இரண்டு பேரும் கிழவர்களானார்கள்.

மகள் வளர்ந்து கருவிப் பொறியாளர் ஆனாள். தூரத்தில் ஓர் ஆலை. அங்கே வால்வுகளை யாரும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. எது எவ்வளவு மூடியிருக்கிறது என்று திரையில் எண் வரும். அந்த எண் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. விடுமுறைக்கு வந்தபோது மடிக்கணினியில் அந்தத் திரையை அப்பாவுக்குக் காட்டினாள். ஒரு வால்வுக்கு நேராக நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு என்று நின்றது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதையே பார்த்தார். உதடு அசைந்தது. நூறைப் பதினாறால் வகுத்துக்கொண்டிருந்தார்.

“இது முக்காலே மூணு வீசம்,” என்றார். “இத யாரும் வாயால சொல்லவே வேணாமா?”

“வேணாம்பா. அதுவே காட்டிடும்.”

“நல்லதாப் போச்சு,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அம்மா போன பிறகு அவருக்கு நெஞ்சில் சளி கட்டுவது வழக்கமாயிற்று. கடைசி முறை மருத்துவமனையில் சேர்த்தபோது மகள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். அங்கிருந்த பெரிய டாக்டருக்கும் தமிழ் வராது. சில நாள் கழித்துப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு, மகளிடம் சிரித்த முகத்துடன், ‘ஹி ஹேஸ் ஆல்மோஸ்ட் ரிகவர்டு’ என்றார். அவளுக்கு உயிர் வந்தது. டாக்டர் போனதும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தேறிட்டீங்களாம்பா என்றாள்.

அப்பா மூக்கிலிருந்த குழாயை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். இருமல் வந்தது. அடங்கியதும் சொன்னார்.

“அந்தச் சொல்ல எங்க வெச்சார், கவனிச்சியா?”

“அப்பா.”

“தலையில வெச்சார். தேறலைன்னு அர்த்தம்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “அவன வரச் சொல்லும்மா. இனியும் தள்ளிப்போட முடியாது. சொல்லிடறேன்.”

மகள் வராந்தாவுக்கு வந்து போன் செய்தாள். வீசம் கடையைப் பாதியில் போட்டுவிட்டுப் பஸ் பிடித்து வந்தார். வந்து சேர்ந்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகக் கண்ணே மூடாமல் இருந்தவர் அப்போதுதான் அசந்திருந்தார். எழுப்பட்டுமா மாமா என்று மகள் கேட்டாள். அவர் பதறிக் கையைக் காட்டினார். தூங்கட்டும், தூக்கம்தான் மருந்து, நான் நாளைக்கு வரேன் என்றார். கட்டிலின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். போர்வையை ஒரு விரல் அளவு இழுத்துவிட்டார். பிறகு போய்விட்டார்.

மறுநாள் அவர் வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

காரியங்கள் முடிந்தன. வந்தவர்கள் எல்லோரும் அப்பாவின் இங்கிலீஷைப் பற்றிப் பேசினார்கள். எவ்வளவு சரளம், என்ன தைரியம் என்றார்கள். மகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆலைக்குத் திரும்பிப் போவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. அது அப்பாவின் வேலை. ஆள் மாறிவிட்டதால் வேலை இல்லாமல் போய்விடாது.

காலையில் கடைக்குப் போனாள். வீசம் மாமா ஒரு ஸ்டவ்வைக் கவிழ்த்து வைத்து, குமிழைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் டப்பாவைத் துடைத்துப் போட்டார். அப்பா உட்காரும் டப்பா. அவள் உட்காராமல், நின்றபடியே சொன்னாள். அதிகாரி கேட்டது, மாமா சொன்னது, அதை அப்பா இங்கிலீஷில் சொன்னது, அந்த வாக்கியத்துக்கு உண்மையில் என்ன அர்த்தம், தட்டு விழாத பாடம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். வேலையிடத்தில் பழுது அறிக்கை வாசிப்பது மாதிரித்தான் அவளுக்குச் சொல்ல வந்தது. வேறு மாதிரி சொல்லியிருந்தால் குரல் உடைந்திருக்கும்.

மாமா குமிழை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று அவள் தயாராக இருந்தாள். போன வேலையைப் பற்றிக் கேட்பார், மச்சினனின் கேலியைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தாள். அவர் கேட்டது வேறு.

“அப்போ, நான் மூடினேன்னு உங்கப்பாவுக்குத் தெரியுமா?”

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. தெரியுமே மாமா, அன்னைக்கே தெரியுமே என்றாள்.

“நம்பினானா?”

“ஒருநாள்கூடச் சந்தேகப்பட்டதில்ல மாமா. யார்கிட்டச் சொன்னாலும் மூடினான்னுதான் சொல்வார்.”

“எங்கிட்டச் சொன்னதில்லையே,” என்றார் அவர்.

தெருவில் ஒரு வண்டி போனது. சுவரில் தொங்கிய குக்கர் மூடிகள் லேசாக அதிர்ந்தன. மாமா அவளைப் பார்க்காமல், குமிழைப் பார்த்தே பேசினார். ஐஸ் கம்பெனிப் பேச்சு வந்தாலே சிநேகிதன் முகம் மாறுவதை அவர் கவனித்திருக்கிறார். பேச்சைத் திருப்புவதைக் கவனித்திருக்கிறார். ஊர் சொல்லிச் சொல்லிப் பின்னால் இவனும் நம்பிவிட்டான், சிநேகிதத்துக்காக வாயைத் திறக்காமல் இருக்கிறான் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருக்கிறார். அதனால்தான் அன்றைக்கு ஒருநாள் அவன் விசாரணை என்று தொடங்கியதும் மேலே பேசவிடவில்லை. நீ மூடலதானே என்று அவன் கேட்டுவிடுவான் என்று பயம். ஊர் கேட்டால் தாங்கலாம்.

மகள் அப்போதுதான் டப்பாவில் உட்கார்ந்தாள்.

“வேலை போனா போகுது, அது போயிடுச்சு,” என்றார் மாமா. “இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை மாறிப்போச்சு, அதுவும் சரி. அவனுக்கென்ன, பள்ளிக்கூடத்துலயா படிச்சான்? தமிழ்ல எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லம்மா. நீ மூடினேடான்னு ஒரு வார்த்தை. அதுக்கு எந்தச் சொல்ல எங்க வைக்கணும்?”

மாமா குமிழை அதன் இடத்தில் பொருத்தினார். திருப்பிப் பார்த்தார். கடைசிவரை போயிற்று. மறுபடி திறந்து மறுபடி மூடினார். பிறகு ஸ்டவ்வை அவள் பக்கம் நகர்த்தி, நீயும் ஒரு தடவ பாரும்மா, முழுசா மூடுதா என்றார்.

அவள் திருப்பிப் பார்த்தாள். குனிந்து காதை வைத்துக் கேட்டாள்.

“மூடிட்டீங்க மாமா,” என்றாள்.